தள்ளிப்போடுவது பாதுகாப்பல்ல

ஒவ்வாமைக்கு அஞ்சிக் குழந்தைகளுக்குச் சில உணவுகளைத் தாமதமாகக் கொடுப்பதே நல்லது என்று பெற்றோர் பலர் இன்றும் நம்புவதைக் காணும்போது எனக்கு வருத்தமே மிகுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியே 2000-ஆம் ஆண்டில், ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலையைத் தவிர்க்கச் சொல்லி, 2008-இல்தான் அந்த அறிவுரையைக் கைவிட்டது.

2015-இல் வெளியான, வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிய 'லீப்' ஆய்வு நிலைமையைத் தலைகீழாக்கியது. கடுமையான எக்ஸிமாவோ (தோல் வறண்டு, வெடித்து அரிக்கும் நோய்) முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து உண்டவர்களிடையே, ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை, தவிர்த்தவர்களைவிட ஏறத்தாழ 80 விழுக்காடு குறைவாக இருந்தது. வெடித்த தோல் வழியாக உடலுக்குள் நுழையும் புரதம் நோயெதிர்ப்பு மண்டலத்தை எதிரியாக்குகிறது என்றும், குடல் வழியாக வரும் அதே புரதம் அதைப் பழக்கப்படுத்துகிறது என்றும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். முழுக் கடலை மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்பதால், மென்மையாக அரைத்து, கூழில் கரைத்தே கொடுக்க வேண்டும். எக்ஸிமா கடுமையாக இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்பது கட்டாயம்.

ஆஸ்துமாவுக்கு இத்தகைய தெளிவான தடுப்பு வழி இல்லை. சளிக்காய்ச்சலின்போது மட்டும் மூச்சு இளைக்கும் குழந்தைகள் பலருக்கு வளர வளர அது நின்றுவிடுகிறது. ஆயினும் கருவுற்ற காலம் தொடங்கி வீட்டில் எவரும் புகைக்காதிருப்பதை எதனினும் முதன்மையாகக் கருதுகிறேன்; பால்கனியில் நின்று புகைத்தாலும் உடையில் ஒட்டிய நச்சு உள்ளே வந்துவிடுகிறது. தூசிப்பூச்சி ஒவ்வாமை உறுதியான குழந்தையின் படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம்.