பத்து வேலைநாளுக்குள் ஒரு பதில்

ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் என்றால் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவது வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிதான். முதலமைச்சரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்கும் நேரம் அது. எதிர்க்கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராக எழும்புவார்கள், முதலமைச்சர் பதில் சொல்வார், மேசைகள் தட்டப்படும், இரவுச் செய்தியில் ஒரு துண்டு வரும். "கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லையே, இதற்கு எதற்கு ஒரு பாராளுமன்றம்" என்று நண்பர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அந்த அரசாங்கத்தின் ஒரு துறையில், கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக் கொடுக்கும் பக்கத்தில், சில வருடங்கள் வேலை செய்தவன் நான். உறுப்பினர் கேட்கும் ஒரு கேள்வி அரசாங்கத்துக்குள் வந்து சேர்ந்த பிறகு என்னென்ன நடக்கிறது என்பது வெளியே யாருக்கும் தெரிவதில்லை, அதனால்தான் அதன் பயனைக் குறைத்து மதிக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

தொலைக்காட்சியில் வராத எழுத்துமூலக் கேள்விகளைத்தான் சொல்கிறேன். காலையில் கணினியைத் திறந்தால் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். கேள்வி, அதன் இலக்கம், கேட்டவர் பெயர், பதில் போக வேண்டிய திகதி, அவ்வளவுதான். 2021இல் தொடங்கிய ஆறாவது பாராளுமன்றக் காலத்தின் கேள்விகள் எல்லாம் 'எஸ்6டபிள்யூ' என்று தொடங்கும். 129 உறுப்பினர்களில் அமைச்சர் பதவி இல்லாத எவரும் கேட்கலாம், ஆளுங்கட்சிக்காரரும் கேட்பார்கள். சாதாரணமாகப் பத்து வேலைநாள் அவகாசம், சபை விடுமுறையில் இருந்தால் இருபது. அதற்குள் முடியாவிட்டால் "கூடிய விரைவில் பதில் தரப்படும்" என்று ஓர் இடைக்காலப் பதில் போகும். அதுவும் பதிவில் நிற்கும், எவ்வளவு பிந்தியது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே போகும் பதில் பெரும்பாலும் மூன்று நான்கு வரிதான். அந்த நான்கு வரிக்குப் பின்னால் விஷயம் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் வரைவு எழுதுவார், கணக்குப் பிரிவு ஒரு தடவை பார்க்கும், புள்ளிவிபரக்காரர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள், மேலதிகாரி ஒப்புதல் தருவார், அமைச்சரின் சிறப்பு ஆலோசகர் ஒரு சொல்லை மாற்றச் சொல்வார், கடைசியில் அமைச்சர். கூடவே அமைச்சருக்கு மட்டும் ஒரு பின்னணிக் குறிப்பு போகும்: இந்த உறுப்பினர் ஏன் இதை இப்போது கேட்கிறார், போன வருடம் என்ன சொன்னோம், இந்தப் பதிலுக்குப் பிறகு அடுத்த கேள்வி எப்படி வரக்கூடும். என்னைக் கேட்டால், முழு வேலையிலும் பெறுமதியான தாள் இந்தக் குறிப்புத்தான். பல திட்டங்களின் ஓட்டைகளை அமைச்சர் முதன்முதலாக வாசிப்பது அதில்தான்.

ஒரு கேள்வியைக் கிட்டப் பார்க்கலாம். பெயர்கள் வேண்டாம். ஒரு குறிப்பிட்ட சிகிச்சைக்காக எத்தனை பேர் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள், ஒவ்வொரு சுகாதாரச் சபை வாரியாகத் தரவும் என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். பார்த்தால் சின்னக் கேள்வி. ஸ்கொட்லாந்தில் பிரதேச வாரியாக 14 சுகாதாரச் சபைகள் இருக்கின்றன, எண்களைக் கேட்டு வாங்கி அட்டவணை போட்டால் முடிந்தது என்று நினைத்தோம். எண்கள் வந்தன. பக்கத்துப் பக்கத்துப் பிரதேசங்கள் இரண்டுக்கு இடையில் நம்ப முடியாத வித்தியாசம். தொலைபேசியில் எடுத்துக் கதைத்தபோது விஷயம் வெளியே வந்தது: ஓர் இடத்தில் குடும்ப வைத்தியர் கடிதம் எழுதிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள், மற்ற இடத்தில் அந்தக் கடிதத்தை வைத்தியசாலை பரிசீலித்து ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வாரக்கணக்கு. அந்த வாரங்களில் வீட்டில் வலியோடு இருக்கும் மனிதர் ஒரு கணக்கில் இருக்கிறார், மற்றக் கணக்கில் இல்லை. பதிலில் கடைசியாக ஒரு வரிக் குறிப்பு மட்டும் சேர்ந்தது, எண்கள் ஒப்பிடத்தக்கவை அல்ல என்று. உறுப்பினர் அதில் எவ்வளவு திருப்திப்பட்டாரோ தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த வரியை யாரும் மறக்கவில்லை, அடுத்த தடவை எண் திரட்டியபோது எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது முதலில் பேசி முடிவு செய்யப்பட்டது. யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு கணக்கும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கும்.

இந்த வேலையில் அடிக்கடி வரும் பதில் ஒன்று உண்டு: "கேட்கப்பட்ட தகவல் மையமாகத் திரட்டி வைக்கப்படவில்லை." உறுப்பினர்களுக்கு இதைக் கண்டாலே கோபம் வரும். சில நேரம் அது வெறும் உண்மை, ஏனென்றால் பாடசாலைகளை நடத்துவது 32 உள்ளூராட்சி மன்றங்கள், எத்தனை வகுப்பறையில் கூரை ஒழுகுகிறது என்று தலைநகர் எடின்பரோவில் இருக்கும் அமைச்சுக்குத் தெரியாது. ஆனால் பல நேரம் அந்த வரிக்கு அர்த்தம், இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதுவரை அரசாங்கத்தில் எவருக்கும் தோன்றவில்லை என்பதுதான். கெட்டிக்கார உறுப்பினர்கள் அதோடு விடமாட்டார்கள். அடுத்த வாரமே "அந்தத் தகவலை ஏன் திரட்டுவதில்லை, திரட்டும் எண்ணம் உண்டா" என்று கேட்பார்கள். அதற்கு "இல்லை" என்று எந்த அமைச்சராலும் லேசில் எழுத்தில் சொல்லிவிட முடியாது. நான் மதித்த உறுப்பினர்கள் எல்லாரும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள், கட்சி எதுவாக இருந்தாலும் சரி.

கப்பல் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை, பத்திரிகை வாசிக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதை. மேற்குக் கரைத் தீவுகளுக்கு ஓடும் சேவைக்காக இரண்டு கப்பல்கள் கட்ட, 2015இல் போர்ட் கிளாஸ்கோவில் உள்ள பெர்குசன் கப்பல் தளத்துக்கு 97 மில்லியன் பவுணுக்கு ஒப்பந்தம் போனது. 2017 நவம்பரில் முதல் கப்பல் 'கிளென் சனொக்ஸ்' தண்ணீரில் இறக்கப்பட்டபோது அதன் ஜன்னல்கள் சில வெறும் வர்ணப் பூச்சு. தளம் நொடித்து 2019இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது, செலவு பல மடங்காகியது, கப்பல் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். இடைப்பட்ட வருடங்கள் முழுக்கத் தீவுத் தொகுதி உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்: எப்போது முடியும், எவ்வளவு செலவு, யார் கையெழுத்திட்டது. 2022இல் கணக்காய்வாளர்கள் அறிக்கை எழுதினார்கள். பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமல் அமைச்சர்கள் ஏன் அந்த ஒப்பந்தத்தை ஏற்றார்கள் என்று விளக்கப் போதிய ஆவணம் இல்லை என்று அதில் இருந்தது. அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் அந்த வரியைப் பலரும் மெதுவாக இரண்டாம் தடவை வாசித்தார்கள். ஒரு முடிவை எடுக்கும்போது அதன் காரணத்தை எழுதிவைப்பது நாளைக்கு யாரோ கேட்பார்கள் என்பதற்காகத்தான். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்ற நினைப்பு இருந்தால்தான் உத்தியோகத்தர்கள் எழுதிவைப்பார்கள், இதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஐக்கிய இராச்சியத்துக்குள் ஸ்கொட்லாந்துக்கு இருப்பது அதிகாரப் பகிர்வு என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டு விவகாரம், பாதுகாப்பு, குடிவரவு போன்றவற்றை லண்டனுக்கு ஒதுக்கிவிட்டு, ஒதுக்காத மிச்சத்தை எல்லாம் எடின்பரோவுக்குக் கொடுத்தது. ஸ்கொட்லாந்து அரசாங்கத்தின் பொறுப்பில் இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டால் சபைச் செயலகம் கேள்வியை ஏற்காது. உறுப்பினர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: "இது தொடர்பாக ஐக்கிய இராச்சிய அரசாங்கத்துடன் என்ன பேச்சு நடத்தப்பட்டது?" பேசுவது நம்முடைய அமைச்சர், ஆகவே கேள்வி செல்லும். வரும் பதிலும் பழக்கமானதுதான்: கடிதம் எழுதியிருக்கிறோம், அதிகாரம் எங்களிடம் இல்லை.

இந்தப் பதில் எனக்கு மனதைச் சங்கடப்படுத்திய இடம் போதைப்பொருள் மரணங்கள். 2020இல் மட்டும் 1,339 பேர் இறந்தார்கள், ஐம்பத்தைந்து இலட்சம் பேர் வாழும் நாட்டில். சுகாதாரம் எடின்பரோவின் கையில், பொலிஸும் நீதிமன்றமும் எடின்பரோவின் கையில், ஆனால் 1971ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் லண்டனின் கையில். கிளாஸ்கோவில் ஊசி ஏற்றுபவர்கள் தாதியரின் கண்காணிப்பில் ஏற்ற, மூச்சு நின்றால் உடனே காப்பாற்ற ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை 2016இலேயே வந்துவிட்டது. வருடக்கணக்கில் கேள்விகள் போயின, வருடக்கணக்கில் பதில் ஒன்றுதான்: சட்டம் மாற வேண்டும், லண்டன் மறுக்கிறது. பதிலில் பொய் இல்லை. ஆனால் உறுப்பினர்கள் சிலர் விடாமல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். லண்டன் என்ன செய்யாது என்பதை விட்டுவிட்டு, இருக்கிற சட்டத்துக்குள் இங்கே என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். வழக்குத் தொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பவர் ஸ்கொட்லாந்தின் தலைமைச் சட்ட அதிகாரியான லோர்ட் அட்வகேட். அவர் அந்த முடிவைச் சுயாதீனமாக எடுப்பவர், அமைச்சர்கள் உத்தரவிட முடியாது. 2017இல் அந்தப் பதவியில் இருந்தவர் சம்மதிக்கவில்லை. 2023 செப்டம்பரில் பதவியில் இருந்தவர், அப்படி ஓர் இடத்துக்குள் சிறு அளவு போதைப்பொருளை வைத்திருப்பவர்கள் மீது வழக்குப் போடுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்றார். 2025 ஜனவரியில் அந்த நிலையம் திறந்தது. கேள்விகளால் மட்டும்தான் திறந்தது என்று சொல்ல மாட்டேன், குடும்பத்தாரும் வைத்தியர்களும் செய்த போராட்டம் பெரியது. ஆனால் "எங்களிடம் அதிகாரம் இல்லை" என்ற பதிலை இறுதிப் பதிலாக எடுத்துக்கொண்டிருந்தால் அது இன்னும் கோப்பில்தான் இருந்திருக்கும்.

எல்லாக் கேள்வியும் அப்படித் தரமானது என்று இல்லை. பத்திரிகைத் தலைப்புக்காகவே கேட்கப்படும் கேள்விகள் உண்டு, ஒரே வாக்கியத்தில் ஆண்டை மட்டும் மாற்றிக் குவியலாக அனுப்புபவர்களும் உண்டு. பின்னேரம் ஐந்து மணிக்கு அப்படி ஒரு குவியல் வந்தால் சோர்வு வரத்தான் செய்யும். அதற்காக எண்ணிக்கைக்கு வரம்பு போட வேண்டும் என்று சக ஊழியர்கள் சிலர் சொல்வார்கள், நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அந்தக் குவியலுக்குள் எந்தக் கேள்வி வேலை செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் யாரும் இல்லை.

கேட்கவே ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வட அயர்லாந்து இருக்கிறது. 2017 ஜனவரியில் அங்கே கட்சிகளின் கூட்டு அரசாங்கம் முறிந்தது, சபை மூன்று வருடம் இயங்கவில்லை. 2022இலிருந்து இன்னும் இரண்டு வருடம். அமைச்சர்கள் இல்லாமல் உத்தியோகத்தர்களே துறைகளை நடத்தினார்கள். ஒரு குப்பை எரிப்பு ஆலைக்கு அனுமதி கொடுக்கப்போய், அமைச்சர் இல்லாமல் அந்த முடிவை எடுக்க அதிகாரம் இல்லை என்று 2018இல் நீதிமன்றமே சொல்லும் நிலை வந்தது. வைத்தியசாலைக் காத்திருப்புப் பட்டியல்கள் நீண்டுகொண்டு போனபோது அமைச்சரை எழுப்பிக் கேட்கச் சபையே இல்லை.

இதை எழுதும்போது யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் எனக்கு இராது. 2013 செப்டம்பரில் தெரிவான 38 பேர் கொண்ட வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. அந்தச் சபையின் அதிகாரம் குறைவு, பணம் குறைவு, ஆளுநரோடு இழுபறி, எல்லாம் உண்மைதான். "அதிகாரமே இல்லாத சபை எதற்கு" என்று சொல்பவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் மாகாணத் திணைக்களங்கள் இன்றைக்கும் இயங்குகின்றன, ஆசிரியர்களை இடம் மாற்றுகின்றன, வீதி போடுகின்றன, ஆதார வைத்தியசாலைகளை நடத்துகின்றன. அதிகாரிகள் பலர் நேர்மையாக வேலை செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களிடம் எழுத்தில் ஒரு கேள்வியைக் கொடுத்து, திகதி குறித்து, பதிலைச் சபையில் பதிவாக்கும் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது, நல்ல சட்டம், ஊரில் இருப்பவர்கள் அதை இன்னும் நிறையப் பயன்படுத்த வேண்டும். அது தாளைத் தரும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்பதற்கு அங்கே இடமில்லை.

சபை திரும்ப வந்தால் புதிதாகத் தெரிவாகும் உறுப்பினர்கள் பெரிய பிரேரணைகளை வைக்கட்டும், அதற்கும் தேவை இருக்கிறது. கூடவே இப்படி ஒன்றையும் முதல் மாதத்திலேயே கொடுங்கள் என்று கேட்பேன்: மாகாணத்தின் கீழுள்ள ஒவ்வோர் ஆதார வைத்தியசாலையிலும் நிரப்பப்படாத தாதியர், வைத்தியர் பதவிகள் எத்தனை, எந்தத் திகதியிலிருந்து வெற்றிடமாக உள்ளன, அவற்றை நிரப்பும் அதிகாரம் மாகாணத்திடமா கொழும்பிடமா, கொழும்பிடம் என்றால் அதைக் கேட்டு மாகாணம் கடைசியாகக் கடிதம் எழுதிய திகதி என்ன, வந்த பதில் என்ன?