‘இதற்குப் பெயர் இல்லை’ என்று சொல்ல மூன்று ஆண்டுகள்

ஓடைக்கரைப் பாறையில் படர்ந்திருந்த பாசியை வாரி வெள்ளைத் தட்டில் உதறியபோதுதான் அந்த வண்டு தென்பட்டது. கறுப்பு நிறம், சுமார் 4 மில்லிமீட்டர் நீளம், தலையின் பக்கங்களை முழுவதுமாக அடைத்துக்கொண்டு புடைத்த கண்கள். ரோவ் வண்டுக் குடும்பத்தின் ஸ்டீனஸ் பேரினம் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இந்த வண்டுகளோடு பழகியவர்களுக்கு அந்தக் கண்களே போதும். அன்று இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் கிடைத்தன.

பெரும்பாலான வண்டுகளின் கெட்டியான முன்சிறகுகள் முதுகு முழுவதையும் மூடியிருக்கும். ரோவ் வண்டுகளுக்கு அவை பாதி முதுகைக்கூட எட்டாமல் நின்றுவிடும், வயிறு திறந்தே கிடக்கும். பறக்க உதவும் பின்சிறகுகளோ அந்தச் சின்ன மூடிக்குள் பல மடிப்பாக அடங்கியிருக்கும். இந்தக் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்டவை 60,000 இனங்களுக்கும் மேல், ஸ்டீனஸில் மட்டும் 3,000க்கும் மேல். கீழுதட்டைச் சட்டென்று முன்னே நீட்டி, அதன் பசை நுனியில் இரையை ஒட்ட வைத்து இழுப்பவை இவை. தண்ணீரில் விழுந்துவிட்டால் வயிற்று நுனியிலிருந்து ஒரு திரவத்தைக் கசியவிடும். பின்னால் நீரின் பரப்பு இழுவிசை குறைய, வண்டு முன்னோக்கி வழுக்கிக் கரைசேரும். முதன்முறை அதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து இந்தப் பேரினத்தை என்னால் விட முடியவில்லை.

உடல் அடையாளங்களை வரிவரியாக ஒப்பிட்டு இனங்காணும் அட்டவணையில் படிப்படியாக இறங்கியபோது பாதி வழியில் நின்றுவிட்டேன். கால் நுனிக் கணுக்கள் ஒரு வரிக்குப் பொருந்தின, வயிற்றின் விளிம்பு அடுத்த வரிக்குப் பொருந்தவில்லை. புதிய இனம் என்ற எண்ணம் அப்போது வரவில்லை, வரவும் கூடாது. அட்டவணையில் வழி தவறினால் பெரும்பாலும் தவறு நம்முடையதுதான். மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினேன், மூன்று முறையும் அதே இடத்தில்தான் நின்றேன்.

இந்த வண்டுகளில் தீர்ப்பு சொல்வது ஆணின் பிறப்புறுப்பு. வெளித்தோற்றத்தில் இரட்டையர் போலிருக்கும் இரண்டு இனங்கள் அதன் வடிவத்தில் தெளிவாகப் பிரிந்துவிடும். வயிற்று நுனியைக் கழற்றி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தசையைக் கரைத்து, கழுவி, கிளிசரினில் இட்டுப் பார்க்க வேண்டும். முதல் ஆணை அவசரப்பட்டுச் சூடாக்கினேன். அளவுக்கு மேல் மென்மையாகிப்போன உறுப்பு இடுக்கி பட்டதும் கிழிந்தது. கையில் மிஞ்சியது ஒரே ஓர் ஆண். அதைத் தொடவே எனக்கு இரண்டு வாரம் துணிவு வரவில்லை. பிறகு சூடே இல்லாமல், இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிரித்தேன்.

கிளிசரின் துளிக்குள் அது முழுதாகக் கிடந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நடுத்தண்டின் நுனி படகின் முனைபோலக் குவிந்து, பக்கவாட்டில் பார்த்தால் லேசாகக் கீழே வளைந்திருந்தது. இருபுறக் கிளைகளின் முனையில் முடிகள் இருந்தன. எண்ணினேன், ஒரு பக்கம் 14. அச்சில் வந்த எந்தப் படத்திலும் இந்த நுனியை நான் பார்த்ததில்லை.

ஆனால் படமே இல்லாத இனங்களும் இருக்கின்றன, சிக்கலே அங்குதான். விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டு 1758. அன்றிலிருந்து யாராவது இதற்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயருக்கே முன்னுரிமை. பூச்சியியலாளர் லீ ஹெர்மன் 2001-இல் ரோவ் வண்டுகளுக்கு ஏழு பாகப் பட்டியல் ஒன்றைத் தந்திருக்கிறார். அந்த உழைப்பு இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் தொடங்கியிருக்கவே முடியாது. ஆனால் பட்டியல் பெயரைத்தான் சொல்லும், வண்டைக் காட்டாது. ஒவ்வொரு பெயராக நீக்கிக்கொண்டே வந்ததில் கடைசியில் ஒன்று மிஞ்சியது. ஏறக்குறைய நூறாண்டுப் பழைய விவரிப்பு, ஐந்தே வரி: கறுப்பு, அடர்ந்த புள்ளிக்குழிகள், பழுப்புக் கால்கள். என் வண்டுக்கும் அது பொருந்தியது, இன்னும் ஐம்பது வண்டுகளுக்கும் பொருந்தும்.

அந்தப் பெயர் எந்த வண்டை வைத்துச் சூட்டப்பட்டதோ அந்த மூல மாதிரியை நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அது இருந்த அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினேன். எட்டு மாதம் கழித்து, பஞ்சுக்கு நடுவே பொதிந்த சிறு பெட்டி வந்தது. உள்ளே ஓர் ஆண். இதுவரை யாரும் பிரித்துப் பார்த்திராத ஆண். அனுமதி கேட்டுப் பெற்றேன். வெந்நீரில் நனைத்து, அதை அட்டையில் ஒட்டியிருந்த பசையை இளக்கிய அந்த மாலையில் என் வண்டைப் பற்றி நினைக்கவே இல்லை. இதைச் சிதைத்துவிடக் கூடாது என்ற ஒன்றுதான் மனத்தில் இருந்தது. உறுப்பு முழுதாக வந்தது. நுனி அகன்று, தட்டையாக, நடுவில் சிறு வெட்டோடு இருந்தது. என்னுடையது வேறு இனம்!

மீண்டும் இரண்டு பருவங்கள் அதே ஓடைக்குப் போய் இன்னும் ஒன்பது சேகரித்தேன். ஒரே ஓர் ஆணை நம்பி இனம் அமைத்தால், அந்த வடிவம் இனத்துக்கே உரியதா, அந்த ஒரு வண்டின் கோணலா என்று கேட்பவருக்குப் பதில் இருக்காது. அளவுகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ரோவ் வண்டின் வயிறு தொலைநோக்கிக் குழாய்போல நீண்டு சுருங்கும். அதனால் மொத்த நீளத்தை மட்டும் நம்பக் கூடாது, தலை முதல் முன்சிறகின் முடிவு வரையிலான அளவைத் தனியாகத் தர வேண்டும்.

பெயரில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. வண்டுகளைப் பார்க்கக் கற்றுத்தந்த ஆசிரியரின் பெயரை வைக்க நினைத்தேன். தேடியபோது ஸ்டீனஸில் அதே சொல் வேறொருவர் நினைவாக முன்பே வைக்கப்பட்டிருந்தது. ஒரே பேரினத்துக்குள் ஒரு பெயர் இரண்டு முறை வர முடியாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. கடைசியில் வளைந்த நுனியைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லை எடுத்து, ஸ்டீனஸ் ஆண்பால் என்பதால் அதன் விகுதியையும் ஆண்பாலுக்கு மாற்றினேன்.

இதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்த மதிப்பாய்வாளர் கேட்டவற்றில் ஒரு கேள்வி என்னை உலுக்கியது: ‘இந்தப் பெண் வண்டுகள் இதே இனம்தான் என்று எப்படித் தெரியும்?’ ஒரே பாசியில் இருந்தன என்பது சான்றாகாது. இரண்டு ஸ்டீனஸ் இனங்கள் ஒரே கல்லில் வாழ்வது சாதாரணம். மரபணு வரிசை ஆணோடு ஒத்துப்போன பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினேன். கட்டுரைக்கு அது நல்லதே செய்தது.

1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய இனத்துக்கும் பெயர் தாங்கும் மாதிரியை, அதாவது அந்தப் பெயர் எந்த வண்டுக்கு உரியது என்பதை, தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளிவந்தால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்த விவரம் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் பெயர் செல்லாது. இவை சடங்குகள் அல்ல. டார்வின் 1832-இல் அர்ஜென்டினாவில் பிடித்த ஒரு ரோவ் வண்டு 2014-இல்தான் டார்வினிலஸ் செடாரிசி என்று பெயர் பெற்றது. 182 ஆண்டுகள் கழித்தும் அது சாத்தியமானதற்கு, வண்டும் அதன் விவரமும் பிழைத்திருந்ததுதான் காரணம்.

பழைய வண்டைத் திருப்பி அனுப்பும்போது, பிரித்த உறுப்பைச் சிறு குப்பியில் இட்டு அதே ஊசியில் பொருத்தினேன். பிரித்தவர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டையும் கீழே குத்தினேன். பிறகு என் இனத்தின் பெயர் தாங்கும் மாதிரியான ஹோலோடைப்பை எடுத்தேன். முதலில் வண்டு ஒட்டிய அட்டை, அடுத்து குப்பி, அடுத்து இடமும் நாளும் எழுதிய சீட்டு, கடைசியாக ஹோலோடைப் என்று காட்டும் சிவப்புச் சீட்டு. ஊசியின் அடியில் இன்னும் இரண்டு சீட்டுகள் குத்த இடம் விட்டுப் பெட்டியை மூடினேன்.