பசால்ட் மில்க்வெட்ச் விதை எடுத்து முளைக்கவைப்பது: எங்கெல்லாம் இடிக்கும்

அமெரிக்காவின் தெற்கு ஐடஹோ மாநிலத்து சேஜ்பிரஷ் புதர்க்காட்டில் பசால்ட் மில்க்வெட்ச் (அஸ்ட்ராகலஸ் ஃபிலிபெஸ் என்ற அவரைக் குடும்பக் காட்டுச்செடி) விதை எடுக்கக் கிளம்புமுன் நில வரைபடத்தைப் பாருங்கள். கூட்டரசு நிலத்துக்கான அனுமதிக் கடிதம் கையில் இருந்தும், நல்ல காய்ப்பு இருந்த இடம் மாநில நிலமாகப் போய் பயணம் வீணானது. அங்கே டவுன்ஷிப் என்ற நில அளவைப் பகுதி ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல் கொண்ட 36 கட்டங்களாகப் பிரியும்; அவற்றில் 16, 36 எண்ணுள்ள இரண்டும் பள்ளிகளுக்கென மாநிலத்துக்குக் கொடுக்கப்பட்டவை. எல்லையில் வேலியும் இருக்காது, பலகையும் இருக்காது. அனுமதி தரும் அலுவலகக் கவுண்டரில் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. கட்ட எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பூவை மட்டும் வைத்து இனத்தை முடிவுசெய்யாதீர்கள். காய் வேண்டும். ஃபிலிபெஸ் காய் தட்டையாக, மெல்லிய காம்பில் தலைகீழாகத் தொங்கும். குறுக்கே வெட்டினால் ஒரே அறை. அதே மேட்டில் வளரும் இன்னொரு அஸ்ட்ராகலஸ் இனமான லென்டிஜினோசஸின் காய் ஊதிப் புடைத்து, உள்ளே இரண்டு அறையாக இருக்கும். அது கால்நடைக்கு நஞ்சு, கலந்துவிடக் கூடாது.

பெரிய ஏமாற்றம் வண்டு. வெளியே பழுதில்லாத காய்க்குள்ளும் வண்டு தின்று விதை வெறும் கூடாக இருக்கும். பறிக்கத் தொடங்குமுன் பல செடிகளிலிருந்து காய் உடைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சொத்தை என்றால் இடத்தை மாற்றுவதே மேல். அன்று முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை என்பது வழக்கம். வீட்டுக்கு வந்ததும் காகிதப் பையில் உலர்த்தி, பிறகு மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் மிச்ச வண்டும் சாகும். ஈரத்தோடு வைத்தால் விதையும் சேர்ந்து போய்விடும்.

விதைத்தோல் கொன்றை விதை மாதிரி தண்ணீரை உள்ளே விடாது. உப்புத்தாளில் மினுமினுப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும். உள்வெள்ளை தெரிந்தால் தேய்த்தது அதிகம். இரவு ஊறவைத்து, காலையில் உப்பியதை மட்டும் விதையுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்கலாம்.

ஆணிவேர் வேகமாக இறங்கும், நடுவே பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. ஆழமான குறுகிய தொட்டி, பாதி பியூமிஸ் (துளைகள் நிறைந்த இலேசான எரிமலைக் கல்) கலந்த மண், அரை சென்டிமீட்டர் ஆழம். முளைத்தபின் மேல்மண் காயாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் தண்டு அடியில் அழுகிச் சாயும். வாடுகிறதே என்று பயந்து ஊற்றுகிறவர்கள் கையில்தான் அதிகம் செத்திருக்கிறது.