எந்த வெள்ளம்?

"இறந்த திகதி?"

"வெள்ளத்தில செத்தவர்" என்றேன்.

உத்தியோகத்தர் பேனையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எந்த வெள்ளம் தம்பி? இஞ்ச வருஷா வருஷம் வெள்ளம்தானே."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முதல் நாள் மாலை கொழும்புக் கோட்டையில் 'பாடுமீன்' ரயிலேறி, இரவெல்லாம் குலுங்கி, விடிய மட்டக்களப்பில் இறங்கி, ஒரு பிளேன்ரீ குடித்த கையோடு, பழைய மரணச் சான்றிதழ் ஒன்றைத் தேடி ஓட்டோ பிடித்துப் பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தவன் நான். என் பூட்டன், அதாவது அம்மம்மாவின் தகப்பனார், 'பெரிய வெள்ளத்தில் போனவர்' என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வம்சாவளி வரைய ஆரம்பித்தபோது அவருடைய பெட்டிக்குள் 'வெள்ளம்' என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

மட்டக்களப்பில் காலத்தை இப்படித்தான் எண்ணுகிறார்கள். 57ஆம் ஆண்டு வெள்ளம், 78ஆம் ஆண்டு சூறாவளி, பிறகு சுனாமி. 'சூறாவளிக்கு முதல் கட்டின வீடு', 'சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளை' என்பார்கள். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி எங்கள் அம்மம்மா வீட்டுக் கூரையோடு பெட்டகத்தில் இருந்த கடதாசிகளையும் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் என் தேடல் முழுக்க வாய்ச்சொல்லில் தொடங்க வேண்டியதாயிற்று.

படிவம் எளிமையானதுதான். இறந்தவர் பெயர், இறந்த இடம், திகதி, தெரிந்தால் பதிவு இலக்கம். இலக்கம் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் எந்தக் காலப்பகுதியில் தேட வேண்டும் என்று நாமே குறிக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் கூடும். நான் யோசிக்காமல் '1957 டிசம்பர்' என்று எழுதிக் கொடுத்தேன். 57 வெள்ளம் டிசம்பரில் வந்தது என்பது ஊரறிந்த விஷயம். சரி, அதைவிட வேறென்ன வேண்டும்?

பெயர் என்ற கட்டத்துக்கு முன்னேற்பாடாக வந்திருந்தேன். ஊரில் பூட்டனை எல்லோரும் 'வட்டவிதானையார்' என்றுதான் கூப்பிட்டார்களாம். வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு எந்தப் பதிவேட்டிலும் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய உண்மையான பெயர் அம்மம்மாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் இருந்தது. செத்தவரைத் தேடுகிறவர்கள் முதலில் அவருடைய பிள்ளைகளின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைத் தேடுவது நல்லது. வீட்டுப் பெயரும் பட்டப்பெயரும் எந்த எழுத்தில் தொடங்குகிறதென்று அலுவலகத்துக்குத் தெரியாது.

காத்திருந்த வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அவர் வந்தது யாரையும் தேடி அல்ல, 'எடுக்கச் சொன்ன' சான்றிதழை எடுப்பதா வேண்டாமா என்று கேட்க. யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்கும் மரணச் சான்றிதழ் பெறலாம் என்று 2010இல் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. அதை வாங்கினால் மகன் செத்துவிட்டான் என்று தானே கையெழுத்து வைத்ததாகிவிடும் என்று மறுத்த தாய்மார் நிறையப் பேர். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மரணம் என்று சொல்லாமல், காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழையும் கொண்டு வந்தார்கள். அந்த அம்மா கோப்பைத் திறக்கவே இல்லை. அறுபது வருடத்துக்கு முந்திய கிழவர் ஒருவரைத் தேடி ஆசைக்கு வந்திருக்கிற என்னிடம், "உங்களுக்கு ஆர் மகன்?" என்று கேட்டார். "பூட்டன்" என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

பதினொரு மணிக்குப் பதில் வந்தது. 1957 பதிவேட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை. "வேற இடத்தில செத்திருப்பாரோ?"

நியாயமான கேள்வி. மரணத்தை அது நடந்த இடத்தில்தான் பதிவார்கள், சொந்த ஊரில் அல்ல. சுவாமி விபுலாநந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது காரைதீவில், சமாதி கல்லடி சிவானந்தா வித்தியாலயத்தில், ஆனால் 1947 ஜூலை 19 அன்று கண்மூடியது கொழும்பில். சமாதியைப் பார்த்துவிட்டு மட்டக்களப்புப் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று எல்லாம் அதற்கு முன் மட்டக்களப்பு மாவட்டம். பழைய கடதாசியில் 'மட்டக்களப்பு' என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் பட்டினத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் ஆட்களை நான் சந்தித்திருக்கிறேன்.

மத்தியானம் புளியந்தீவுக்குள் நடந்தேன். அங்கே வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை நிற்கிறது. 1814 ஆகஸ்டில் வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய மெதடிஸ்த மிஷனரி. அதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இங்கேயே இறந்துபோனார். எட்டு மாத ஊழியம், ஆனால் இருநூறு வருடம் கழித்தும் திகதியைச் சரியாகச் சொல்ல முடிகிறது. தேவாலயங்களில் ஞானஸ்நானப் புத்தகமும் அடக்கப் புத்தகமும் எழுதி வைத்ததன் பலன். கிறிஸ்தவக் குடும்பமென்றால் நான் முதலில் பாதிரியார் தங்கும் கோயில் அறைவீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பேன். எங்களுடையது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வயல்காரக் குடும்பம். புத்தகமும் இல்லை, பூட்டனைச் சுடலையில் தேடினால் கல்லும் இல்லை.

பத்திரிகையா? அதையும் கொழும்பில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வீரகேசரி 1930 முதலும் தினகரன் 1932 முதலும் வருகின்றன. தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய இதழ்களைப் புரட்டலாம். தமிழ் மரண அறிவித்தலைப் போல ஒரு வம்சாவளி வேறெங்கும் கிடையாது. 'பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, காலஞ்சென்ற இன்னாரின் மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று ஒரே வாக்கியத்தில் மூன்று தலைமுறையை அடுக்கிவிடுவார்கள். முற்றுப்புள்ளி வருவதற்குள் உங்கள் வரைபடம் நிறைந்துவிடும். ஆனால் அறிவித்தல் போடக் காசும், கொழும்போடு தொடர்பும் வேண்டும். 57இல் படுவான்கரையில் செத்தவருக்கு யார் போடுவார்கள்? பிற்காலத்து ஆட்களுக்கு இலங்கை வானொலியின் மரண அறிவித்தலாவது இருந்தது. காற்றில் போன அந்தக் குரலை இனி எங்கே தேடுவது.

அடுத்த நாள் சின்னம்மம்மாவிடம் போனேன். அம்மம்மாவின் கடைசித் தங்கை. பூட்டன் பெற்ற பிள்ளைகளில் இப்போது உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் வீடு. முன்பெல்லாம் மண்முனையில் இறங்கி 'பாதை'க்குக் காத்திருக்க வேண்டும். வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. 2014இல் பாலம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு இல்லை. பாலத்தின் நடுவில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி வாவியைப் பார்த்தேன். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு மூன்று நிமிடம்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பெரியவர், "நீங்க எந்தக் குடி?" என்று கேட்டார். இந்தக் கேள்வி அலுவலகப் படிவத்தில் இல்லை, ஆனால் மட்டக்களப்பில் வம்சம் தேடுகிறவருக்கு இதைவிட உதவியானது கிடையாது. குடி என்ற குலப்பிரிவு தாய்வழியே வருவது. அம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் போன்ற கோயில்களில் உரிமையும் குடி குடியாகத்தான். சான்றிதழ்கள் தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகின்றன, பெண்கள் 'இன்னாரின் மனைவி' ஆகி மறைந்துவிடுகிறார்கள். குடி அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் அம்மம்மாவின் குடியைச் சொன்னதும் அந்தப் பெரியவர், "அப்ப நீ நம்மட ஆள்" என்று சின்னம்மம்மாவின் வளவு வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார். மரியாதைப் பன்மையும் அத்தோடு போய்விட்டது.

சின்னம்மம்மா தேத்தண்ணி தந்துவிட்டு, கேள்விக்கு முதல் பதிலாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே கல்வெட்டுகள். கல்லில் வெட்டியவை அல்ல. முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்ச வரலாறு, திதி வெண்பா. பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் ஒன்றுவிடாமல் எழுதியிருப்பார்கள். பலர் வாசித்துவிட்டு அலுமாரிக்கு மேலே போட்டுவிடுவார்கள். தயவு செய்து எறியாதீர்கள். நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்களை எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறார்கள், நானே இரண்டு பெரியப்பாமாரை அங்கே கண்டுபிடித்தேன்.

பூட்டனுக்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் பூட்டிக்கு, பல வருடம் கழித்துச் செத்தவருக்கு, இருந்தது. அதன் பின் அட்டையில் யாரோ பேனையால் எழுதியிருந்தார்கள்: 'அப்பா – ஏவிளம்பி வருடம் மார்கழி மாதம் பூர்வபக்கத் திரயோதசி.'

"அது அக்கா எழுதினது" என்றார் சின்னம்மம்மா. "திவசத்துக்கு ஐயருக்குச் சொல்லோணுமே மனே."

ஒவ்வொரு வருடமும் அந்தத் திதியில் படைத்திருக்கிறார்கள். திகதி தெரியாது, திதி தெரியும். நான் யாரிடமும் திதியைக் கேட்கவே இல்லை!

திதியைத் திகதியாக்குவது கொஞ்சம் கணக்கு. தமிழ் வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் முதலில் எந்தச் சுற்று என்று பார்க்க வேண்டும். ஏவிளம்பி 1957 சித்திரையில் தொடங்கி 58 பங்குனியில் முடிந்தது. அடுத்தது 2017இல் வந்தது. எனவே இதில் குழப்பமில்லை. அந்த மார்கழியில் அமாவாசை டிசம்பர் 21, பௌர்ணமி ஜனவரி 5. பூர்வபக்கம் என்றால் வளர்பிறை. திரயோதசி பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன். கைவிரலில் எண்ணிப் பார்த்துவிட்டு நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். மார்கழியில் பாதி ஜனவரியில் கிடக்கிறது. 1957 பதிவேட்டில் அவர் எப்படி இருப்பார்? செத்தது 1958இல் அல்லவா.

மறுநாள் காலை அதே கண்ணாடித் தடுப்பு, அதே உத்தியோகத்தர். "1958 ஜனவரி 2, 3, 4" என்றேன். "வெள்ளம் எங்க தம்பி?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனவர் அரை மணிநேரத்தில் வந்துவிட்டார். ஜனவரி 3. பெயர் சரி, ஊர் சரி, தொழில் கமம். மரணத்துக்கான காரணம்: காய்ச்சல்.

மூழ்கி அல்ல. காய்ச்சல்.

மரணச் சான்றிதழில் எல்லோரும் திகதியையும் காரணத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். 'அறிவித்தவர்' என்ற கட்டத்தையும் பாருங்கள். அந்த வீட்டுக்கு அந்த வாரத்தில் யார் நெருக்கமாக இருந்தார், யார் வெள்ளத்துக்குள் நடந்துபோய்ப் பதிவாளரிடம் சொன்னார் என்பது அதில்தான் இருக்கும். எங்கள் பூட்டனுடையதில் நான் கேள்விப்படாத ஒரு பெயரும், உறவு என்ற இடத்தில் 'மருமகன்' என்றும் இருந்தது. மகளைக் கட்டியவரா, சகோதரியின் மகனா? இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல்தானே. அப்போது பூட்டனின் மகள் யாருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆகவே சகோதரியின் மகன். அப்படியென்றால் பூட்டனுக்கு ஒரு சகோதரி இருந்திருக்கிறார். என் வரைபடத்தில் அவருக்குப் பெட்டியே இல்லை.

பின்னேரம் மறுபடி பாலத்தைக் கடந்தேன். சின்னம்மம்மாவுக்கு அந்தப் பெயரை வாசித்ததும், "ஓம், மச்சான்" என்றார் உடனே. "மண்டூர்ப் பக்கம் போனவர். மறுகா வரவே இல்ல." அதற்காக மண்டூருக்கு ஒரு பயணம் தனியாகப் போக வேண்டும்.

பிறகு மெதுவாக, மூழ்கவில்லையாம், காய்ச்சலாம் என்று சொன்னேன். வெள்ளத்தோடு போனவர் என்றுதானே எங்களுக்குச் சொன்னீர்கள் என்று கேட்கவும் செய்தேன். அவருக்கு அப்போது ஏழு வயது.

"வெள்ளத்தோடதான் மனே போனவர்" என்றார். "சுடலைக்குப் போற ரோட்டெல்லாம் தண்ணி. தோணியில கிடத்தித்தான் கொண்டு போனவங்க. மச்சான்தான் கம்பால தோணி தாங்கினவர். பொம்பிளைப் பிள்ளைகள் வரப்படா எண்டு என்னை வேலியடியில நிப்பாட்டிப் போட்டாங்க. தோணி சின்னனாகிச் சின்னனாகிப் போகுமட்டும் அங்கதான் நிண்டன்."