குடல் நுண்ணுயிர்களும் குழந்தைகளின் கரப்பானும்

ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஓர் ஆய்வு 2001-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியானது. குடும்பத்தில் ஒவ்வாமை நோய் உள்ள கர்ப்பிணிகளுக்குப் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தும், பேற்றுக்குப் பின் ஆறு மாதங்கள் தாய்க்கோ குழந்தைக்கோ, லாக்டோபேசில்லஸ் ஜிஜி என்னும் நன்மை செய்யும் பாக்டீரியா கொடுக்கப்பட்டது. இரண்டு வயதில், ஒப்பீட்டுக்காகப் பாக்டீரியா இல்லாத வெற்று மருந்து பெற்ற குழுவில் 46 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குக் கரப்பான் (எக்ஸிமா என்னும் அரிப்புத் தோல் நோய்) இருந்தது. பாக்டீரியா பெற்ற குழுவில் 23 விழுக்காடுதான். கரப்பான் அரிப்பால் இரவெல்லாம் தூங்காத குழந்தையை வளர்ப்பவர்களுக்கு இந்த எண்கள் எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை, என் அக்காவின் மகளைப் பார்த்தே அறிந்தேன்.

அந்த நம்பிக்கைக்கு உயிரியல் அடிப்படையும் உண்டு. நாம் உண்ணும் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்கள், அழற்சியை அடக்கிவைக்கும் ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்கள் (டி செல்கள்) பெருக உதவுகின்றன என்பது 2013-இல் எலிகளில் காட்டப்பட்டது. குடலில் பக்குவப்படும் நோய் எதிர்ப்புச் செல்கள் இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்லக்கூடியவை என்பதால், குடலில் நிகழும் மாற்றம் தோலில் எதிரொலிப்பது நடக்கக்கூடியதே.

ஆனால் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் அதே பாக்டீரியாவை ஏறத்தாழ அதே முறையில் கொடுத்துச் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரு குழுக்களிலும் கரப்பான் ஏறக்குறைய 28 விழுக்காடாகவே இருந்தது. ஏற்கெனவே கரப்பான் உள்ளவர்களைப் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பீடு (2018), அப்போது கிடைத்த புரோபயாட்டிக்குகளால் (நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கொண்ட தயாரிப்புகளால்) நோயின் அறிகுறிகள் குறைவது மிகச் சொற்பம் அல்லது இல்லை என்றே முடிவு செய்தது. என் பார்வையில், விளம்பரங்கள் சொல்லாமல் விடும் முக்கியமான செய்தி இதுதான்.

கரப்பான் உள்ள குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்கள் வேறுபட்டிருப்பதாக அறிக்கைகள் வரும்போது, எது காரணம், எது விளைவு என்றும் கேட்க வேண்டும். தோலில் தொற்று வந்து ஆன்டிபயாட்டிக் உட்கொண்ட குழந்தைக்கும், ஒவ்வாமைக்கு அஞ்சிப் பல உணவுகள் விலக்கப்பட்ட குழந்தைக்கும் குடல் நுண்ணுயிர்கள் மாறியே இருக்கும். மேலும், தோலின் காப்புக்குத் தேவையான ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுக் குறைபாடு கரப்பானுக்கு வலுவான காரணம் என்பது 2006-இல் நிறுவப்பட்டது. அந்தக் குறை தோலிலேயே தொடங்குவது.

ஆகவே அக்காவிடம், மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்புகளையும் குளித்தவுடன் ஈரப்பதக் களிம்பு பூசுவதையும் எந்தப் புரோபயாட்டிக் பொடிக்காகவும் நிறுத்த வேண்டாம் என்று மட்டும் அழுத்தமாகச் சொன்னேன்.