ரிக்வயர் ஒன்ஸ் போட்டால் போதுமா?

பிஎச்பி என்ற இணையதள நிரல் மொழியில் எழுதிய பழைய திட்டங்களைப் பராமரிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படுவது 'கேனாட் ரீடிக்ளேர்' பிழை, அதாவது ஒரே ஃபங்ஷனை மறுபடி அறிவிக்க முடியாது என்ற செய்தி. ஃபங்ஷன்கள் உள்ள ஒரே கோப்பை ஹெடரும் ஃபூட்டரும் தனித்தனியே இன்க்ளூட் செய்திருக்கும் (உள்ளே எடுத்து ஓட்டியிருக்கும்); இரண்டாம் முறை வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். உடனே எல்லா இடத்திலும் ரிக்வயர் ஒன்ஸ் (ஒரு கோப்பை ஒரே முறை மட்டும் ஏற்றும் கட்டளை) என்று மாற்றிவிடுகிறார்கள். பிழைச் செய்தி போய்விடும். வேலை முடிந்தது என்று அங்கேயே விட்டுவிடுவது ஆபத்து.

ஏனென்றால் ஒன்ஸ், கோப்பு ஓடியதா என்பதை மட்டுமே நினைவில் வைக்கிறது. அது தந்த மதிப்பை வைப்பதில்லை. கான்ஃபிக் கோப்பு (அமைப்பு விவரங்கள் உள்ளது) ஓர் அர்ரேயை, அதாவது மதிப்புகளின் தொகுப்பை, ரிட்டர்ன் செய்கிறது என்று வையுங்கள். முதல் அழைப்பில் அர்ரே வரும், அடுத்ததில் வெறும் ட்ரூ. அந்த ட்ரூவிடம் டேட்டாபேஸ் பெயரைக் கேட்டால் 'நல்' (null, வெற்று மதிப்பு) கிடைக்கும், பிஎச்பி 7.4க்கு முன் எச்சரிக்கைகூட வராது. மாறிகளாக எழுதினாலும் இதே கதிதான். முதல் அழைப்பு ஒரு ஃபங்ஷனுக்குள் நடந்தால் மாறிகள் அந்த ஃபங்ஷனோடு மறைந்துவிடும், வெளியே மறுபடி அழைத்தாலும் கோப்பு ஓடாது. ஒரு பக்கம் ஒழுங்காக வேலை செய்ய, இன்னொரு பக்கம் மட்டும் கனெக்‌ஷன் இல்லை என்று அடம்பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே ஃபங்ஷன், கிளாஸ் அறிவிப்புகள் மட்டும் உள்ள கோப்புக்கே ஒன்ஸ். கான்ஃபிக்கை நுழைவுக் கோப்பில் ஒரே முறை சாதாரண ரிக்வயரால் எடுத்து, தேவைப்படும் இடங்களுக்கு அனுப்புங்கள். லூப்புக்குள் ஒவ்வொரு வரிசைக்கும் வரும் டெம்ப்ளேட்டுக்கு இன்க்ளூட் மட்டும். ஒன்ஸ் சேர்த்தால் 20 வரிசைகளில் முதல் வரிசையே திரையில் தெரியும்.

சி மொழிப் பழக்கத்தில், கோப்பின் தலையில் 'ஏற்கெனவே வந்திருந்தால் ரிட்டர்ன்' என்று எழுதுவதும் உதவாது. வெளி மட்டத்தில் உள்ள ஃபங்ஷன்கள் அந்த வரி ஓடுவதற்கு முன்பே, கம்பைல் ஆகும்போதே பதிவாகிவிடுகின்றன.

ஒன்ஸ் போட்டும் பிழை வருகிறதா? செய்தியை முழுதாகப் படியுங்கள். முன்பு எந்தக் கோப்பில், எந்த வரியில் அறிவிக்கப்பட்டது என்று அதிலேயே இருக்கும். பெரும்பாலும் வேறு ஃபோல்டரில் கிடக்கும் நகல்தான். ஒன்ஸ் முழுப் பாதையை ஒப்பிடுகிறதே தவிர உள்ளடக்கத்தை அல்ல.

கிளாஸ்களுக்கு கம்போசர் (பிஎச்பியின் பேக்கேஜ் மேலாண்மைக் கருவி) தரும் ஆட்டோலோட், அதாவது தேவைப்படும்போது கோப்பைத் தானே ஏற்றும் வசதி, இருந்தால் இந்தக் கவலையே இல்லை. ஃபங்ஷன்களுக்கு ஆட்டோலோட் கிடையாது; அந்தக் கோப்புகளை கம்போசரின் 'ஃபைல்ஸ்' பகுதியில் எழுதிவிடுங்கள், ஒருமுறைக்கு மேல் ஏற்றாமல் அதுவே பார்த்துக்கொள்ளும்.