பத்தாவதில் ஜிம்னாஸ்டிக்ஸ்: நிறுத்தணுமா, குறைக்கணுமா?

பத்தாம் வகுப்பு பப்ளிக் எழுதிய வருடமும் நான் ஜிம்னாஸ்டிக்ஸை விடவில்லை. இப்போது மதுரையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டருக்கு உதவியாக நிற்கிறேன். ஜூன் பிறந்தால் போதும், "பத்தாவது வந்துட்டா, நிறுத்திடலாமா?" என்று அம்மாக்கள் வந்துவிடுவார்கள். நிறுத்த வேண்டாம், நேரத்தைக் குறையுங்கள்.

வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி போகக் கூடாது, ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. 8 வயதுப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரமாக நாலு நாள் போதும். சர்வதேசப் போட்டிக்குப் போகிறவர்கள் வாரத்துக்கு 25, 30 மணி நேரம்கூடச் செய்வார்கள். அதைக் கேட்டுவிட்டு, மாவட்டப் போட்டியையே பார்க்காத பிள்ளையைக் காலையும் மாலையும் அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. சர்வதேச சீனியர் பிரிவுக்குப் பெண்களுக்கு 16 வயது ஆக வேண்டும், ஆண்களுக்கு 18. நம் நாட்டு ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட்டில் (ஓடிவந்து மேசைமேல் கை ஊன்றித் தாண்டும் பிரிவு) நாலாவதாக வந்தபோது அவருக்கு வயது 23. என்ன அவசரம்?

என் பத்தாவதில் காலாண்டுத் தேர்வு வரை வாரம் ஐந்து நாள் போனேன். அரையாண்டுக்கு அப்புறம் மூன்று நாள், அதுவும் ஒன்றரை மணி நேரம்தான். வார்ம்-அப், ஹேண்ட்ஸ்டாண்ட் (கை ஊன்றித் தலைகீழாக நிற்பது), ஸ்ப்ளிட் (கால்களை முழுக்க விரித்து உட்காருவது), உடல் வலுப் பயிற்சி, குதித்துச் சரியாகக் கால் ஊன்றுவது, இவை எதையும் விடவில்லை. புது ஸ்கில், அதாவது புது வித்தை மட்டும் கூடவே கூடாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். பெண்கள் மேலே ஏறி வித்தை செய்யும் கட்டையான பேலன்ஸ் பீமின் அகலம் 10 செ.மீ., உயரம் 125 செ.மீ. ராத்திரி சரியாகத் தூங்காமல், பாதி மனசு அல்ஜீப்ராவில் இருக்கும்போது அதன்மேல் புதிதாக எதையும் முயலக் கூடாது.

மணிக்கட்டை முக்கியமாகக் கவனியுங்கள். வளரும் வயதில் அங்கே எலும்பு நீளும் பகுதி இன்னும் மென்மையாக இருக்கும். ஹேண்ட்ஸ்டாண்டிலும் வால்ட்டிலும் உடம்பின் பாரம் மொத்தமும் அதன்மேல்தான் இறங்குகிறது. பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் பேனா பிடிக்கப் போவதும் அதே கைதான். உள்ளங்கையை மேசைமேல் ஊன்றி அழுத்திப் பாருங்கள். வலித்தால் கையில் பாரம் விழும் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். வலி விடாவிட்டால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

படிப்புக்கு வருவோம். மனப்பாடப் பகுதி எல்லாம் விடியற்காலையில்தான். பயிற்சி முடிந்து வந்து சமூக அறிவியலை எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண் சொருகும். அந்த நேரத்துக்குக் கணக்குதான் சரி. கை எழுதிக்கொண்டே இருந்தால் தூக்கம் வராது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பரோட்டாக் கடைதான், நம் ஊர் அப்படி. ஆனால் நாலு பரோட்டா சாப்பிட்டால் கணக்கும் ஓடாது. இட்லியும் முட்டையும் போதும்.

பங்குனி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் பயிற்சி என்றால் மாலை ஐந்தரைக்கு முன்னால் அனுப்பாதீர்கள். பரீட்சை முடிந்ததும் சித்திரைத் திருவிழா வந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கும்வரை பிள்ளை ஊரைச் சுற்றட்டும். அப்புறம் முதல் இரண்டு வாரம் பழைய நேரத்தில் பாதி. புது ஸ்கில்லை மே கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.